மங்களம் வரை

சூர்யகலா ஆறு வருஷமாக எந்த விசேஷத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கல்யாணம் என்றால் தாலி கட்டுவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். திருவிழா என்றால் சாமி புறப்படுகிற நேரத்தில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். சொந்தக்காரர் பந்தியில் பாயசம் வருகிறவரை அவள் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. காரணம் போடியில் பாதிப்பேருக்குத் தெரியும். அவளுடைய பதினோரு வயது மகள் பவதாரணிக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. மேளத்தில் ஒரு தட்டு விழுந்தால் போதும், பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்துவிடும். அதற்கு மேல் அங்கே இருந்தால், வந்தவர்களுக்கு மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பதுதான் வேலையாகிவிடும்.

அவள் புருஷன் லிங்கேஸ்வரன் ஜீப் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி அள்ளிக்கொண்டு வருவான். பன்னிரண்டு பேர் உட்காருகிற வண்டியில் பதினெட்டுப் பேரை உட்கார வைத்து, மூடுபனியில் வளைவு தெரியாத இடத்திலும் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிற தைரியசாலி. அந்தத் தைரியசாலி ஒரு விசேஷ வீட்டுக்கு உள்ளே வரமாட்டான். ஜீப்பை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்துவான். சாவியை எடுக்கமாட்டான். உள்ளே ஏதாவது ஆனால் பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப வசதியாக ஸ்டியரிங்கிலேயே கை வைத்து உட்கார்ந்திருப்பான்.

இது சிலமலையில் ஆரம்பித்த பழக்கம். லிங்கேஸ்வரனுடைய அண்ணன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. கொட்டு மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தபோது பவதாரணி மிரண்டு ஓடி, பழத்தட்டுகளின் மேலேயே விழுந்துவிட்டாள். வாழைப்பழமும் ஆப்பிளும் தெருவில் உருண்டன. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அண்ணன்காரர் மட்டும் குனிந்து பழங்களைப் பொறுக்கிக்கொண்டே, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். சத்தமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருக்கலாம். அவர் மெதுவாகச் சொன்னதுதான் இத்தனை வருஷம் நிற்கிறது.

சூர்யகலாவுக்கு வேலை பாண்டியராஜன் முதலாளியின் ஏலக்காய் குடோனில். மலையிலிருந்து வருகிற உலர்ந்த காயைச் சல்லடையில் போட்டுச் சலித்து, பெருங்காய் வேறு சிறுகாய் வேறாகப் பிரித்து, வெடித்ததையும் பூச்சி குத்தியதையும் நிறம் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ள வேண்டும். அவளைத் தவிர இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொளகில் காயைப் புரட்டுவார்கள். மதியம் வரை சிறப்புப் பிள்ளைகளுக்கான மையத்தில் இருந்துவிட்டுப் பவதாரணி குடோனுக்கு வந்துவிடுவாள். மூட்டை அடுக்குக்கு நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடுக்கு இருக்கிறது. அதற்குள் போய்ச் சாக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, ம்ம்ம் என்று ஒரே மாதிரி முனகிக்கொண்டிருப்பாள். காலையில் ஆரம்பித்தால் தூங்குகிறவரை அந்த முனகல் உண்டு. புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, மோட்டாரை யாரோ நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று தேடிக்கொண்டு போனாள். அதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்கள் இன்னும் சிரிப்பார்கள். பிள்ளையைப் பார்த்து அல்ல, தேடிப் போனவளைப் பார்த்து.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் மையத்து அருள்மொழி டீச்சர் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். மதுரையில் மூன்று கர்நாடக சங்கீதக்காரர்கள் இருக்கிறார்கள். பாடுகிறவர் முத்துப்பிரியா, வயலின் சந்திரவல்லி, மிருதங்கம் அன்புச்செல்வன். சபாக்களில் பேர் வாங்கியவர்கள். அவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் குடும்பத்தாருக்காகவும் ஊர் ஊராகப் போய் ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். மைக் கிடையாது. மேடை கிடையாது. பிள்ளைகள் நடக்கலாம், படுக்கலாம், கத்தலாம், வாத்தியத்தைத் தொடலாம், நடுவில் வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். யாரும் யாரையும் உஷ் என்று சொல்லக்கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போடியில். தேவாரம், சிலமலை, பொட்டிபுரம், மலைமேல் எஸ்டேட்டுகள் என்று முப்பது நாற்பது குடும்பங்கள் வரும் என்று டீச்சர் சொன்னபோது, நம் ஊரைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்களா என்றுதான் சூர்யகலாவுக்கு முதலில் தோன்றியது. எல்லோரும் அவளைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

டீச்சர் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார். சனிக்கிழமை காலையிலேயே வாத்தியக்காரர்கள் இடம் பார்க்க வந்துவிட்டார்கள். ஒத்தாசைக்குச் சூர்யகலாவும் போயிருந்தாள். அன்புச்செல்வன் நடுக்கூடத்தில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். சத்தம் சுவரில் மோதி, கூரையில் மோதி, நாலு தடவை திரும்பி வந்தது. மண்டபத்து மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த எதிரொலியில் பிள்ளைகள் ஐந்து நிமிஷம் இருக்கமாட்டார்கள், வேறு இடம் கிடைக்காவிட்டால் கச்சேரியைத் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று முத்துப்பிரியா டீச்சரிடம் வருத்தமாகச் சொன்னார்.

சூர்யகலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். எங்கள் குடோனில் சத்தம் திரும்பி வராது என்றாள். மூட்டை எல்லாவற்றையும் குடித்துவிடும், என் மகள் உலகத்திலேயே நிம்மதியாக இருக்கிற இடம் அதுதான் என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் முதலாளியிடம் கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. டீச்சர் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகவே பாண்டியராஜனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, நாளைக்கு ஒரு நா நம்ம குடோன் வேணும்."

"எதுக்கு?"

"கச்சேரிக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முப்பது வருஷ வியாபாரத்தில் குடோனை இதற்காக யாரும் கேட்டதில்லை.

"செவ்வாக்கெழம ஏலம். அம்புட்டு மூட்டையவும் எங்கிட்டுக் கொண்டு போயி எறக்குறது?"

"மூட்டைய அசைக்க வேணாம். மூட்டைக்காகத்தான் மொதலாளி கேக்குறோம்."

அவள் விஷயத்தை விளக்கிச் சொன்னாள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் மதுரையில் மேடையேறுகிறவர்கள் கல்யாண மண்டபம் வேண்டாம், உங்கள் குடோன்தான் வேண்டும் என்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. நாற்காலி போடட்டுமா என்று கேட்டார். தரையில் உட்காருகிறார்களாம் என்றாள். அப்படியானால் புதுப் படுதாவை விரியுங்கள், பழசை விரித்து என் மானத்தை வாங்காதீர்கள் என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் லிங்கேஸ்வரன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி, சாரல் ஊர்வரைக்கும் வந்துகொண்டிருந்தது. பிள்ளை பக்கெட்டில் கையை விட்டு நுரையை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூர்யகலா சேதியைச் சொன்னாள். அவன் டயரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான்.

"நா கொண்டாந்து விடுறேன். வெளிய நிக்கிறேன். அவ்வளவுதான் என் சோலி."

"உள்ள வந்தா என்ன?"

"என்னத்துக்கு? நாலு பேரு பாக்குறப்ப தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கா? வெளிய இருந்தா வெரசா கெளப்பிறலாம்."

"அங்க வர்ற எல்லாருமே நம்மள மாதிரித்தாங்க. யாரு யாரப் பாத்துச் சிரிக்கப் போறா?"

"டீச்சர் சொல்றதுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எங்கண்ணன் சொன்னது எனக்கு இன்னுங் காதுல கெடக்கு, கலா."

"எனக்கு மட்டும் இல்லையா?" சூர்யகலா பக்கெட்டை நகர்த்திவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். "அதுக்குத்தான் போகணும்கிறேன். ஒரு தடவ. ஒரே ஒரு தடவ நம்ம பிள்ளையோட ஒரு கூட்டத்துல ஒக்காந்து, கடேசி வரைக்கும் இருந்துட்டு வரணும். பெறகு கூப்புடவே மாட்டேன்."

அவன் கழுவின டயரையே மறுபடி கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. ஆனாலும் இருபத்திரண்டு பெண்களும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூத்தவள் காளீஸ்வரி. கையளவு காயை எடுத்தாலே இது எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்கிறவள், அதனால் முதலாளியையே அதட்டுகிற உரிமை பெற்றவள். டீச்சர் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். விட்டு விட்டு எரிகிற டியூப் லைட்டைக் கழற்றச் சொன்னாள். கரண்ட் தராசு கீச்சென்று கத்தும் என்று வயரையே பிடுங்கினாள். ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் மதுரைக்காரர்களை வரவேற்க வெடி வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் தெருமுனைக்கே போய், கொளுத்தினால் அதே வெடியை உங்கள் வண்டிக்குள் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ள நாலைந்து இடுக்கு ஏற்படுத்தி, மெத்தென்று காலிச் சாக்கு விரித்தார்கள். ஏலக்காய் வாசனை பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டீச்சருக்கு ஒரு கவலை இருந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளை பிறக்கும்போதே மூக்கில் ஏறின வாசனைதானே டீச்சர் என்று காளீஸ்வரி அதையும் தள்ளிவிட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தேவாரத்திலிருந்து இருபத்திரண்டு வயது பேச்சிமுத்து வந்திருந்தான். ஆறடி உயரம். அவனுடைய அப்பா அவன் இடுப்புக்குப் பின்னால் சட்டையைப் பிடித்தபடியே நின்றார். பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மருதாயி தன் மகள் கலையரசியை மலையாளத்தில் மோளே மோளே என்று கூப்பிட்டுக்கொண்டே கூட்டி வந்தாள். பவதாரணி நேராகத் தன் இடுக்குக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். சூர்யகலா அதற்கு முன்னால் படுதாவில் உட்கார்ந்தாள். வெளியே ஜீப் ரோட்டைப் பார்க்க நின்றது.

பெரிய கதவு வழியாகத் தம்பூராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு முத்துப்பிரியா முதலில் வந்தார். பின்னால் வயலின், மிருதங்கம். காளீஸ்வரிக்கு மனசு நிறைந்துவிட்டது. தான் இருபத்தைந்து வருஷம் காய் பொறுக்குகிற இடத்துக்குள் சங்கீதம் காலெடுத்து வைக்கிறது. நல்லது நுழையும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்களோ அதை அவள் செய்தாள். நாக்கை மடக்கிக் குலவையிட்டாள். அவள் ஆரம்பித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இருபத்திரண்டு குலவையும் சேர்ந்து ஒரே வீச்சில் எழுந்தது. ஊரில் சத்தம் என்று எதையெல்லாம் சொல்வார்களோ அத்தனையையும் நிறுத்தியிருந்தார்கள். குலவையைச் சத்தம் என்று ஒருத்திகூட நினைத்ததில்லை.

மூட்டை குடிக்கிற அளவுக்கும் ஒரு எல்லை உண்டு. நாலு பிள்ளைகள் வீறிட்டார்கள். ஒருவன் படுதாவைச் சுருட்டி அதற்குள் போனான். பேச்சிமுத்து தன் தலையிலேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். பவதாரணி இடுக்கிலிருந்து பாய்ந்து, அம்மாவைத் தாண்டி, கதவைத் தாண்டி ஓடி ஜீப்பின் முன்சீட்டுக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டாள். காளீஸ்வரி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அருள்மொழி டீச்சர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளைகளிடம் ஓடினார்.

சூர்யகலா ஜீப்புக்கு வந்தபோது லிங்கேஸ்வரன் சாவியைத் திருகத் தயாராக இருந்தான். ஏறு என்றான். அவள் ஏறவில்லை. கச்சேரி தொடங்கவேயில்லை. ஆறு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

"ஏறு கலா. போதும்."

"டீச்சர் என்ன சொன்னாங்க? வெளிய போகலாம், திரும்பி வரலாம்னு சொன்னாங்கள்ல? வெளிய வந்துருக்கோம். அவ்வளவுதான். செத்த பொறுங்க."

"எம்புட்டு நேரம்?"

"அவளுக்குத் தோணுற வரைக்கும்."

உள்ளே அழுகை மெதுவாக அடங்கியது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. கச்சேரிக்காரர்கள் கிளம்பிவிட்டார்களோ என்று சூர்யகலா பயந்தாள். பிறகுதான் தம்பூரா கேட்டது. கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் பாட்டு என்பது குழாய் ஸ்பீக்கர் கட்டி வீட்டுக்குள் வந்து படுக்கையில் இருக்கிறவனையும் எழுப்புகிற சங்கதி. வேண்டாம் என்றாலும் விடாது. இந்தச் சத்தம் அப்படி யாரையும் தேடி வரவில்லை. வேண்டுமானால் நாம்தான் எழுந்து போக வேண்டும்.

பவதாரணி சீட்டுக்குக் கீழேயிருந்து தலையை நீட்டினாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையையும் எடுத்தாள். இறங்கினாள். இறங்கும்போது பிடிமானத்துக்காக அப்பாவின் காக்கிச் சட்டையைப் பிடித்தவள் விடவில்லை. இழுத்துக்கொண்டே நடந்தாள். லிங்கேஸ்வரனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. சட்டை கிழிகிற நிலைமை வந்ததும் இறங்கிவிட்டான். ஒரு விசேஷ வீட்டு வாசலை அவன் அப்படித்தான் மிதித்தான், பிள்ளை இழுத்த இழுப்பில்.

உள்ளே முத்துப்பிரியா தரையில் உட்கார்ந்து தம்பூராவை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தார். பாடவில்லை. இருபது நிமிஷம் அதைத்தான் செய்திருக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக இடுக்கிலிருந்தும் படுதாவுக்கு அடியிலிருந்தும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கலையரசி சல்லடை வைக்கிற மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, காலால் மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பவதாரணி தன் பழைய இடத்துக்குப் போகவில்லை. தம்பூராவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். சட்டையைப் பிடித்திருந்ததால் லிங்கேஸ்வரனும் உட்கார வேண்டியதாயிற்று.

உட்கார்ந்ததும் பிள்ளைக்கு முனகல் வந்துவிட்டது. ம்ம்ம் என்று அந்த அமைதியில் அது பெரிதாகக் கேட்டது. பாட்டுக்காரர் மீட்டுவதற்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லை என்று சங்கீதம் தெரியாதவர்களுக்கே தெரிந்தது. லிங்கேஸ்வரனுக்குக் காதெல்லாம் சிவந்து போயிற்று. பிள்ளையின் வாயைப் பொத்தப் போனான். முத்துப்பிரியா வேண்டாம் என்று தலையாட்டினார். மீட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி அந்த முனகலையே கேட்டார்.

"சந்திரா, இது ஆறு கட்டை. அசையவே இல்ல பாத்தியா?"

வயலின்காரரும் தலையாட்டினார். முத்துப்பிரியா பாடுவது ஐந்து கட்டைச் சுருதியாம். பிள்ளையின் குரல் அதற்கு ஒரு படி மேலே இருக்கிறதாம். அவர் தம்பூராவில் தந்தி முறுக்குகிற பிருடைகளை ஒவ்வொன்றாகத் திருகினார். தந்தி அறுந்தாலும் அறுந்துவிடும் என்று மெதுவாக, பிள்ளையின் முனகலைக் கேட்டுக் கேட்டு ஏற்றினார். சந்திரவல்லி வயலினையும் அதே சுருதிக்குக் கூட்டினார். அன்புச்செல்வன் தன் மிருதங்கத்தை உறையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, சின்னதாக இன்னொன்றை எடுத்தார். இந்த மாதிரி யாராவது சுருதி கொடுப்பார்கள் என்றுதான் இரண்டு தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று பக்கத்திலிருந்த லிங்கேஸ்வரனிடம் சொன்னார்.

தம்பூராவும் வயலினும் பிள்ளையின் முனகலும் ஒன்றாகச் சேர்ந்தன. எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. பவதாரணி சட்டென்று நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தாள். அவள் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. மறுபடி முனகினாள், மறுபடி நிறுத்தினாள். அப்போதும் இருந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சூர்யகலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக இந்தச் சத்தத்தை நிறுத்து நிறுத்து என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். அவளே சொல்லியிருக்கிறாள்.

லிங்கேஸ்வரன் மிருதங்கக்காரர் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டான்.

"கட்டைன்னா என்னங்க?"

"நாங்க நிக்கிற தரை மாதிரிண்ணே. தரை இல்லாம ஆட முடியுமா? இன்னைக்கு நாங்க மூணு பேரும் ஒங்க பொண்ணு போட்ட தரையிலதான் நிக்கிறோம்."

லிங்கேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவ்வளவு நேரமும் கூனிக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் நடந்தது கச்சேரியா விளையாட்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முத்துப்பிரியா மோகனத்தில் வார்த்தையில்லாமல் பாடினார். தனக்கு ஒரு படி உயரமான சுருதி என்பதால் உச்சிக்குப் போகாமல் கீழேயே வளைத்து வளைத்துப் பாடினார். அதுவே நன்றாக இருந்தது. பேச்சிமுத்து எழுந்து நின்று உள்ளங்கையை விரித்தால் வாசிக்க வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவன் விரித்து விரித்து மூடினான். நாற்பது தடவை இருக்கும். சபாவில் பேர் வாங்கின சந்திரவல்லி, வில் பாதி தூரம் போயிருந்தாலும் அந்தக் கணமே நிறுத்தினார், ஒரு தடவைகூடத் தவறவில்லை. பேச்சிமுத்துவின் அப்பா மகன் சட்டையைப் பிடித்திருந்த கையை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளைகள் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் கன்னத்தை வைத்தார்கள். அன்புச்செல்வன் வலது பக்கத்தில் ஒற்றை விரலால் தட்டினார். கலையரசி கடைசிவரை மேஜைக்கு அடியிலேயே படுத்திருந்தாள், ஆனால் அவள் கால் தாளம் தப்பவில்லை என்று மருதாயி எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

காளீஸ்வரி மட்டும் பின்னால் ஒரு மூட்டை அடுக்குக்கு மறைவிலேயே நின்றாள். முத்துப்பிரியா பாட்டை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் வரமாட்டேன் என்றாள். நான் செய்த காரியத்துக்கு எந்த முகத்தோடு வருவேன் என்றாள். மற்ற பெண்கள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"அக்கா, அதே கொலவைய எனக்கு மட்டும் கேக்குற மாதிரிப் போடுவீங்களா?"

"கொலவைய மெதுவாப் போடுறதா? எங்கயுந் தாயி அப்பிடி இல்லையே."

"இன்னைக்கு இங்க இருக்கட்டும்க்கா."

காளீஸ்வரி கண்ணை மூடி, காற்றை மட்டும் விடுகிற மாதிரி, உதட்டுக்குள்ளேயே குலவையிட்டாள். தொண்டை முழுக்கக் குலவை வைத்திருக்கிற மனுஷிக்கு அது வாய்விட்டுப் போடுவதைவிடக் கஷ்டமான வேலை. நெற்றியில் வேர்த்துவிட்டது. மற்ற பெண்களும் அதே மாதிரி சேர்ந்துகொண்டார்கள். மழை தூரத்தில் வருகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் குடோனுக்குள் ஓடியது. காது பொத்தியவர் யாருமில்லை. பேச்சிமுத்து காளீஸ்வரியின் முகத்துக்கு நேரே போய் உள்ளங்கையை மூடினான். நிறுத்தினாள். விரித்தான். மறுபடி போட்டாள். குடோன் பூராவும் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு முத்துப்பிரியா மங்களம் பாடினார். அதுவும் ஆறு கட்டையில்தான். சூர்யகலாவுக்கு அது மங்களம் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த டீச்சர்தான் சொன்னார். இதுதான் முடிவு, இதற்கு மேல் பாட்டு இல்லை என்றார். முடிவு இப்படி இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. பவதாரணி தம்பூராவின் குடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தாள். முனகிக்கொண்டும் இருந்தாள்.

எல்லோரும் எழுந்தார்கள். குடோன் பெண்கள் எலுமிச்சைச் சோறும் சுண்டலும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். பாண்டியராஜன் முதலாளி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, மண்டபத்துக்காரனை ஓரங்கட்டிவிட்டு என் குடோனைத் தேடி வந்தார்கள் என்று போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். லிங்கேஸ்வரன் மிருதங்கத்தை வேனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் ஜீப் ஸ்டாண்டுக்காரர்களை ஒரு வட்டமாக நிறுத்தி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான்.

"ஆறு கட்டடா, மாப்ளே. அந்தம்மாவே அஞ்சுதான். எம் பொண்ணு போட்டது ஆறு. அவங்கதான் மேல ஏறி வந்தாங்க, நாங்க எறங்கலே."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஆறு ஐந்தைவிடப் பெரிது என்பது விளங்கியது. ஒருவன் போய் டீ சொல்லிவிட்டு வந்தான்.

அரை மணி நேரத்தில் தேவாரத்து வண்டி போய்விட்டது. மலைக்காரர்கள் பஸ்சுக்குப் போய்விட்டார்கள். டீச்சரும் போய்விட்டார். பவதாரணி வாசலில் அப்பாவோடு நின்று டீ ஆற்றுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். படுதாவில் சூர்யகலா மட்டும் சம்மணம் போட்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஆத்தா, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"ஒண்ணுமில்லக்கா."

"எல்லாரும் போயாச்சு. கெளம்பலையா?"

"கெளம்புறேன்க்கா. எங்க போனாலும் நாந்தான் மொதல்ல எந்திரிப்பேன். இன்னைக்கு ஒரு நா கடேசியா எந்திருச்சு வர்றேன்."

காளீஸ்வரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூட்டாமல் நின்றாள்.